டார்ச் இல்லாத மாயத் தோட்டம்: கோரஸ், நெதர் வார்ட், வெளிச்சம் (மைன்கிராஃப்ட் ஜாவா 1.21)

ஊதாக்காடு:
மைன்கிராஃப்ட் விளையாட்டின் சர்வைவல் முறையில் வீட்டுக்குப் பின்னால் டார்ச் வைக்காமல் ஒரு மாயத் தோட்டம் போடுகிறேன். நடுவில் கோரஸ் (எண்ட் உலகத்துப் பழமரம்), ஓரமாக நெதர் வார்ட் (நெதர் உலகத்துச் செடி), பாதை நெடுக டார்ச்பிளவர் (தீப்பந்தம் போன்ற பூ). கோரஸை அடியில் வெட்டினால் பழம் விழுகிறது, திரும்ப நடப் பூ கிடைப்பதில்லை. வார்ட் பாதிப் பாத்தியில் ஊன்றவே மாட்டேன் என்கிறது. டார்ச்பிளவர் பூத்தும் இருட்டுதான், ஸோம்பி வந்துகொண்டே இருக்கிறது. என்ன தப்பு?

கல்வெட்டி:
கோரஸில் வரிசைதான் முக்கியம் ப்ரோ. அடித்தண்டை உடைத்தால் மேலே உள்ளதெல்லாம் சரியும். தண்டு பழம் தரும் (அதுவும் எல்லாத் தண்டும் தராது), ஆனால் பிடிமானம் போய் உடையும் பூ ஒன்றுமே தராது. ஆகவே முதலில் பூக்களை எடுக்க வேண்டும். ஏணி போட்டு ஏறத் தேவையில்லை, கீழே நின்று அம்பு விட்டால் பூ கழன்று விழும். கருத்துப்போய் வளர்ச்சி நின்ற பூவையும் விடாதீர்கள். எண்ட் ஸ்டோனில் (எண்ட் உலகத்துக் கல்) நட்டால் அது புதிதாகவே தொடங்கும்.

இன்னொன்று, நெருக்கி நடாதீர்கள். கிளை பக்கவாட்டில் நாலைந்து கட்டம் போகும். பூவைச் சுற்றிக் காலி இடம் இல்லையென்றால் குட்டையாக நின்றுவிடும். மரத்துக்கு மரம் பத்துக் கட்டமாவது விடுங்கள். வெளிச்சம், தண்ணீர், எண்ட் உலகம் எதுவும் வேண்டாம்.

பாசிக்குகை:
வார்ட் ஊன்றாத இடத்தில் இருப்பது சோல் சாயில் (மண்), சோல் சாண்ட் (மணல்) அல்ல. நெதரின் சோல் சாண்ட் பள்ளத்தாக்கில் இரண்டும் கலந்தே கிடக்கும், தோண்டும்போது சேர்ந்து வந்துவிடும். சோல் சாண்ட் மட்டும்தான் ஏற்கும், அதை மாற்றிப் போடுங்கள். போன்மீல் (எலும்புத்தூள் உரம்) இதில் வேலை செய்யாது, வீணாக்க வேண்டாம். முற்ற சராசரியாக 34 நிமிடம், அதுவும் நீங்கள் 128 கட்டத்துக்குள் இருந்தால். முற்றியது 2 முதல் 4 தரும், பிஞ்சில் பறித்தால் ஒன்றுதான். ஃபார்ச்சூன் மந்திரம் போட்ட கருவி இருந்தால் கூடுதல்.

டார்ச்பிளவர் ஒளியே தராது, வெறும் அழகுக்குத்தான். அதன் பூவிலிருந்து விதையும் வராது, ஸ்னிஃபர் என்ற விலங்குதான் தோண்டித் தர வேண்டும். வெளிச்சத்துக்குக் குளோ பெர்ரிக் (ஒளிரும் பழம்) கொடி போடுங்கள். காய்த்த கட்டத்தின் ஒளி 14. கட்டத்துக்கு ஒன்றாகக் குறையும், மூலைவிட்டமாகப் போனால் இரண்டு கட்டமாகக் கணக்கு. நுனி தரைக்கு மேல் இரண்டு கட்ட இடைவெளி விட்டுத் தொங்க, பத்துக்குப் பத்துக்கு ஒரு கொடி என்றால் நாலு கொடிக்கு நடுவிலும் 2 மிஞ்சும். ஒளி 0 ஆன இடத்தில்தான் ஸோம்பி முளைக்கும், அதனால் அது போதும். இலைக்கு அடியில் கொடி நிற்காது, மரக்கட்டைப் பந்தல் போடுங்கள்.

ஊதாக்காடு:
பெர்ரியைப் பறித்தால் விளக்கு அணைந்துவிடுமே? கொடி தரைவரை இறங்கிப் பாதையையும் மறைக்குமா?

பாசிக்குகை:
அணையும். பறித்த கட்டத்திலேயே போன்மீல் போட்டால் உடனே காய்க்கும். அதற்குக் கொடி நீளாது, காய் மட்டும்தான். சாப்பிடத் தனிக் கொடி வைத்துக்கொண்டு விளக்குக் கொடியில் கை வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது. தானாக இறங்குவதை நிறுத்த, நுனியில் கத்தரியால் ரைட் கிளிக்.

கல்வெட்டி:
கோரஸ் பழத்தைப் பந்தலுக்கு அடியில் தின்னாதீர்கள். எட்டுக் கட்டம் வரை எங்காவது தூக்கிப் போடும், கூரைமேல் நிற்பீர்கள்.