மக்காச்சோளக் குருத்துல படைப்புழு, அடுத்து என்ன அடிக்கலாம்?

வணக்கம் அண்ணன்மாரே, பெரம்பலூர் வேப்பந்தட்டை பக்கம் ரெண்டு ஏக்கர் மானாவாரி, கரிசல் மண்ணு, புரட்டாசி கடைசியில விதைச்ச வீரிய மக்காச்சோளம், இப்போ முழங்காலுக்கு மேல நிக்குது ஆனா பாதிச் செடியில குருத்துக்குள்ள படைப்புழு. இலை விரிஞ்சா வரிசையா ஓட்டை, குருத்துல மரத்தூள் மாதிரி எச்சம், புழுவ எடுத்துப் பார்த்தா தலையில தலைகீழ் ஒய் (Y) குறி, வால் பக்கம் சதுரமா நாலு புள்ளி, சந்தேகமே இல்ல, 2018ல வந்து எங்க ஏரியாவையே காலி பண்ணுன அதே புழுதான்.

கடைசி உழவுல வேப்பம்புண்ணாக்கு போட்டாச்சு, ஓரத்துல தட்டைப்பயறு இருக்கு, இனக்கவர்ச்சிப் பொறியில அந்துப்பூச்சி விழுது, ஆனா புழு குறையல. வேம்பு மருந்தான அசாடிராக்டின் அடிச்சேன், அப்புறம் எமாமெக்டின் பென்சோயேட்ங்கற ரசாயன மருந்து லிட்டர் தண்ணிக்கு 0.4 கிராம், சின்னப் புழு செத்துச்சு, பெருசு எச்சத்த வச்சு குருத்த அடைச்சுக்கிட்டு உள்ள ஜம்முனு இருக்கு. மருந்துக் கடைக்காரர் ரெண்டு மூணக் கலந்து அடிங்கறாரு, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. அறுத்தப்புறம் மக்காச்சோளத் தட்டைய மாட்டுக்குத்தான் போடணும், சாயங்காலமானா மழை வேற.

இந்த நிலையில மெட்டாரைசியத்த (புழுவக் கொல்ற பூஞ்சை) கரைச்சு குருத்துக்குள்ள ஊத்துனா பெரிய புழு சாகுமா, இல்ல குளோரான்ட்ரனிலிப்ரோல்ங்கற ரசாயன மருந்த ஒரு தடவ அடிச்சே ஆகணுமா?