குளிர் காலையில் கார் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது

கேள்வி:
பெட்ரோல் கார். 5 டிகிரிக்குக் கீழே போனால் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, நாலைந்து தடவை சாவி திருப்பினால்தான் பிடிக்கிறது. சூடான பிறகு தொல்லையே இல்லை. பேட்டரியை மாற்றிவிடலாமா?

பதில் 1:
அவசரப்படாதீங்க. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்க. 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். முழு சார்ஜில் இருந்தும் செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி போச்சு.

பதில் 2:
அதற்கு முன் எர்த் கேபிள், அதாவது பேட்டரி மைனஸை எஞ்சினோடும் பாடியோடும் இணைக்கும் கம்பி! பலரும் கோட்டை விடுவது இங்கேதான். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்திலேயே வையுங்க, அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப் மேல் வேண்டாம். மறுமுனை எஞ்சின் பிளாக்கில். செல்ஃப் அடிக்கும்போது 0.5 வோல்ட்டைத் தாண்டினால் இணைப்பில் துரு, அல்லது கேபிள் உள்ளே அரித்திருக்கு. மைனஸை முதலில் கழற்றி, கம்பி பிரஷால் பளபளவென்று தேய்த்து, கடைசியில் அதையே மாட்டுங்க.

கேட்டவர்:
12.6 இருக்கு, அடிக்கும்போது 10.4. எர்த்தில் 0.1தான். ஆயில் 20டபிள்யூ-50.

பதில் 1:
பேட்டரியும் எர்த்தும் சரியா இருக்கு, அப்போ ஆயில்தான் முதல் சந்தேகம். அந்தக் குளிரில் அது தேன் மாதிரி கெட்டிப்படும். கையேடு அனுமதித்தால் குளிரிலும் இளகி ஓடும் 5டபிள்யூ-30 ஊற்றுங்க.

பதில் 3:
அதன் பிறகு செல்ஃப் வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லையென்றால் காரின் சென்சார் அளவுகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் மாட்டுங்க. ராத்திரி நின்ற எஞ்சினில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கணும். குளிர் காலையிலேயே கூலன்ட் 40 டிகிரி என்று காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. எஞ்சின் சூடு என்று நம்பி ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் குறைத்துவிடும்.