உதவி: தமிழ் பிடிஎஃப்பில் ‘வேலை’ என்பது ‘ேவைல’ ஆகிவிடுகிறது (ஆட்டிசம் வேலையிட அறிக்கை)

ரெட்ஹில்வாசி:
வணக்கம். ஆட்டிசம் உள்ள பெரியவர்களை வேலையில் சேர்த்துக்கொள்வது பற்றி எங்கள் அமைப்பு ஒரு அறிக்கை வெளியிடுகிறது. முதலாளிகள், எச்ஆர் ஆட்கள், ஆட்டிசம் உள்ள ஊழியர்கள் எல்லாரும் படிப்பார்கள். ஆங்கிலப் பதிப்பு தயார். தமிழ்ப் பதிப்பு என் பொறுப்பு. மொழிபெயர்ப்பாளர் தந்த வேர்ட் கோப்பை நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் அமைத்து, ‘மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’ கொடுத்து எடுத்தேன்.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிடிஎஃப்பிலிருந்து ‘வேலை’யை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் ‘ேவைல’ என்று வருகிறது. ‘கொடுங்கள்’ என்பது ‘ெகாடுங்கள்’. திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் என்விடிஏ மென்பொருளில் கேட்டால் பாதி புரியவில்லை. எது தலைப்பு, எது பத்தி என்றும் அது சொல்வதில்லை.

இன்னொன்று: ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தில் அடங்கியது தமிழில் வழிகிறது. எழுத்தை 9 புள்ளிக்குக் குறைக்கச் சொல்கிறார் மேலாளர். அட்டையில் புதிர்த்துண்டுப் படம் வேறு. அடுத்த வாரம் அச்சுக்குப் போகணும். யாராவது கைகொடுங்களேன்.

டிடிபி அண்ணாச்சி:
இது தமிழுக்கே உள்ள தலைவலி தம்பி. யூனிகோடில் ‘வே’ என்றால் முதலில் வ, பிறகு ஏகாரக் குறி. திரையில் கொம்பு முன்னால் தெரியும். பிடிஎஃப் அடிப்படையில் எந்த வடிவம் எங்கே நிற்கிறது என்ற கணக்கைத்தான் வைத்திருக்கும். மூல எழுத்து என்ன என்ற தகவல் கூடவே போகாவிட்டால் கண்ணில் பட்ட வரிசையிலேயே வாரி எடுத்துக் கொடுத்துவிடும். எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ சேர்ந்த உயிர்மெய் எல்லாம் இப்படித்தான் குழம்பும்.

‘பிரிண்ட் டு பிடிஎஃப்’பைத் தொடாதீங்க. அது அச்சடிக்கிற வழி, தலைப்பு, பட்டியல், பட விளக்கம் என்ற அடையாளம் எதுவும் பிழைக்காது. வேர்டில் ‘சேவ் ஆஸ்’ போய், விருப்பங்களில் ஆவண அமைப்புக் குறிகளைச் சேர்க்கும் கட்டத்தை டிக் பண்ணுங்க. அதற்குப் பிறகும் எழுத்து புரண்டால் லிப்ரே ஆபிஸில் திறந்து பிடிஎஃப் ஏற்றுமதியில் ‘பிடிஎஃப்/யூஏ’ (திரைவாசிப்பானுக்கும் ஏற்ற பிடிஎஃப்) தேர்வைப் போட்டுப் பாருங்க. எனக்கு அதில் நேராக வந்தது. உங்க கோப்பில் ஒரு பக்கம் மட்டும் எடுத்து, நகலெடுத்து ஒட்டிப் பார்த்துட்டு மீதியைச் செய்யுங்க.

மொழியையும் ‘தமிழ்’ என்று குறிக்கணும். இல்லாட்டி என்விடிஏ ஆங்கிலக் குரலிலேயே தடவிக்கிட்டு இருக்கும். அதோடு வரும் ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருளில் தமிழ்க் குரல் இருக்கு. கேட்க இனிமையா இருக்காது, ஆனா வேலை நடக்கும்.

தலைப்புகளை வேர்டின் ‘ஹெடிங்’ ஸ்டைல் வைத்துப் போட்டிருக்கா, இல்லை வெறுமனே தடிமனாக்கி வைத்திருக்கா?

ரெட்ஹில்வாசி:
வந்த கோப்பில் எல்லாமே தடிமன்தான் அண்ணே. ஸ்டைல் ஒன்றுகூட இல்லை.

டிடிபி அண்ணாச்சி:
அப்போ முதல் வேலை அதுதான். மற்றதெல்லாம் பிறகு. முடிந்தால் அதே உள்ளடக்கத்தை இணையப் பக்கமாகவும் போடுங்க. எச்டிஎம்எல்லில் யூனிகோடு அப்படியே இருப்பதால் இந்தக் கொம்புச் சிக்கலே வராது, கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கலாம். பிடிஎஃப் அச்சுக்கு மட்டும் இருக்கட்டும்.

9 புள்ளியா? தமிழ் எழுத்துக்குச் சுழியும் வளைவும் அதிகம், 9-ல் ‘ணை’யும் ‘னை’யும் ஒன்றாகத் தெரியும். 12-க்குக் கீழே போகாதீங்க, வரி இடைவெளி 1.5 வையுங்க. பக்கம் கூடினால் கூடட்டும். இருபுறமும் நேராக்காதீங்க, தமிழில் சொல் நீளம், நடுவில் ஓட்டை விழும்.

சோதனையாளன்:
நான் ஆட்டிசம் உள்ளவன், மென்பொருள் சோதனை வேலை. கோப்பு சரியானாலும் உள்ளே இருப்பது படிக்கும்படி இல்லாவிட்டால் என்ன பயன்?

இந்த மாதிரி அறிக்கைகளில் ‘ஊழியருக்கு உகந்த சூழலை ஏற்படுத்தித் தரவும்’ என்று எழுதுவார்கள். யார், எதை, எப்போது? இப்படி எழுதுங்கள்: ‘நேர்காணல் கேள்விகளை மூன்று நாள் முன்பே மின்னஞ்சலில் அனுப்புங்கள். மேசையைக் கதவுக்கும் அச்சு இயந்திரத்துக்கும் அருகில் போடாதீர்கள். கூட்டத்தில் பேசியதை அன்றே எழுத்தில் கொடுங்கள்.’ உவமையே எங்களுக்குப் புரியாது என்று எல்லாரையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம், எனக்கு நன்றாகவே புரியும். புரியாதது மொட்டையான அறிவுரை.

வட்ட வரைபடத்தில் நிறத்துக்கான விளக்கத்தை ஓரத்தில் தள்ளாதீர்கள். கண் அங்கும் இங்கும் ஓடியே களைத்துவிடும். ஒவ்வொரு துண்டின் மேலேயே பெயரும் எண்ணும் எழுதுங்கள். வெள்ளையில் வெளிர்நீல எழுத்து வேண்டாம். டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல் வழிகாட்டி, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 நிற வேறுபாடு கேட்கிறது. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரே வரிசையில் போகட்டும். முதல் பக்கத்திலேயே சுருக்கம்.

அட்டையில் உள்ள அந்தப் புதிர்த்துண்டு, ஆட்டிசத்தின் சின்னமாக 1963-ல் பிரிட்டனில் தொடங்கியது. எங்களில் பலருக்கு அது பிடிக்காது: ஏதோ ஒன்று குறைகிற ஆள் என்று சொல்வதுபோல. உண்மையான அலுவலகப் படம் போடுங்கள். அச்சுக்கு முன் ஆட்டிசம் உள்ள இரண்டு மூன்று பேரிடம் வாசிக்கக் கொடுங்கள், சும்மா இல்லை, கட்டணம் கொடுத்து.

எச்ஆர் அக்கா:
மேலாளரைச் சம்மதிக்க வைக்க ஒரு வழி சொல்றேன். வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் நிறைவேறிச்சு, உடற்குறையும் மனநலமும் அதில் பாதுகாக்கப்பட்ட பண்புகள், ஆட்டிசம் அந்த உடற்குறைக்குள் வரும். 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு முதலில் விலக்கு. உடற்குறையுள்ளோருக்கான ‘எனேபளிங் மாஸ்டர்பிளான் 2030’ திட்டத்தில், வேலை செய்யும் வயதிலுள்ள உடற்குறையுள்ளோரில் 40 விழுக்காட்டினர் வேலையில் இருக்கணும்னு இலக்கு. இதைச் சொல்ற அறிக்கையை அவங்களாலேயே படிக்க முடியலன்னா யாராவது கேள்வி கேப்பாங்கன்னு சொல்லுங்க. பயம் வேலை செய்யும் 😄

ரெட்ஹில்வாசி:
ஸ்டைல் எல்லாம் போட்டு லிப்ரே ஆபிஸ் வழியாக எடுத்தேன். ‘வேலை’ ‘வேலை’யாகவே ஒட்டுகிறது! படமும் மாறுகிறது, மேலாளர் 12 புள்ளிக்கு ஒத்துக்கொண்டார். அக்கா சொன்ன சட்டம்தான் காரணம். வாசிப்பவர்களுக்கான கட்டணத்துக்கும் கேட்டிருக்கிறேன்.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. ‘முன்பு / இப்போது’ அட்டவணையில் வலப்பக்கம் இணைத்த கட்டங்களை என்விடிஏ தாறுமாறாகப் படிக்கிறது.

டிடிபி அண்ணாச்சி:
இணைத்த கட்டத்தை உடைச்சிடுங்க. ஒரு வரிசைக்கு ஒரு விஷயம், முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாகக் குறிங்க. அப்படியும் தடுமாறினால் அட்டவணையை விட்டுட்டு, ‘முன்பு’ ஒரு பத்தி, ‘இப்போது’ ஒரு பத்தி போதும்.