சிங்கப்பூர் – நியூயார்க்: தூரத்தை நேரத்தால் வகுத்தால் கணக்கு உதைக்கிறதே?

கேள்வி:
சாங்கியிலிருந்து ஜேஎஃப்கேவுக்கு நேரடி விமானம். தூரம் தேடினால் ஓரிடத்தில் 15,349, வேறிடத்தில் 9,537, இன்னோரிடத்தில் 8,288 என்று வருகிறது. எது சரி? பயண நேரம் சுமார் 18 மணி 40 நிமிடம் என்று போட்டிருக்கிறது. வகுத்தால் மணிக்கு 822 கி.மீ.தான். ஏ350 விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் என்கிறார்களே, மீதி எங்கே?

பதில் 1:
மூன்றும் சரி. முதலாவது கிலோமீட்டர், அடுத்தது சாதாரண மைல், மூன்றாவது கடல் மைல். விமானிகள் புழங்குவது கடல் மைல், அதை 1.852-ஆல் பெருக்கினால் கி.மீ. வெறும் 'மைல்' என்று போடும் தளங்களால்தான் இந்தக் குழப்பம்.

இது பெருவட்டத் தூரம், அதாவது உலக உருண்டை மேல் நூலை இழுத்துப் பிடித்தால் வரும் நீளம். நீங்களே சரிபார்க்கலாம். சாங்கி 104° கிழக்கு, ஜேஎஃப்கே 74° மேற்கு, கூட்டினால் 178. கிட்டத்தட்ட நேரெதிர் என்பதால் நூல் வடதுருவத்தை ஒட்டிப் போகும். சாங்கியின் அட்சரேகை 1.4°, அங்கிருந்து துருவத்துக்கு 88.6 டிகிரி. ஜேஎஃப்கே 40.6°, துருவத்திலிருந்து அதற்கு 49.4. மொத்தம் 138 டிகிரி. டிகிரிக்கு 111.2 கி.மீ. வைத்தால் 15,346. மற்ற ஊர்களுக்கு இந்தக் குறுக்குவழி செல்லாது, அட்ச, தீர்க்க ரேகைகளிலிருந்து பெருவட்டத் தூரம் தரும் ஹாவர்சைன் சூத்திரம் போட வேண்டும்.

பதில் 2:
விமானம் அந்த நூல் மேல் போவதில்லை. நூல் சீனா, மங்கோலியா, சைபீரியா வழியே ஏறுகிறது. 2022-க்குப் பிறகு ரஷ்ய வான்வெளியைப் பல நிறுவனங்கள் தவிர்க்கின்றன. அது ஒருபுறம் இருக்க, காற்றுதான் பெரிய காரணம். ஜெட் ஸ்ட்ரீம் என்ற உயர்வான வேகக் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. அதனால் போகும்போது பெரும்பாலும் பசிபிக் வழி. திரும்பும்போது அட்லான்டிக் தாண்டி ஐரோப்பா, ஆசியா வழி. இரண்டு பக்கமும் கிழக்கு நோக்கியே பறந்து உலகைச் சுற்றிவிடுகிறார்கள்! தூரம் ஆயிரம் கி.மீ. கூடினாலும் முதுகுக் காற்றில் அதை மீட்டுவிடலாம்.

டிக்கெட்டில் உள்ளது கேட்டிலிருந்து கேட் வரையான நேரம் என்பதையும் மறக்காதீர்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏற்றம், இறக்கம், காத்திருப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். அதனால் காற்று நன்றாக வாய்த்த நாளில் சீக்கிரமே இறங்கிவிடும்.

பதில் 3:
எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தடத்தில் ஓடுவது ஏ350-900 யூஎல்ஆர், அதாவது மிக நீண்ட தூரம் பறக்கும் வகை. எரிபொருள் கொள்ளளவு 1,65,000 லிட்டர், லிட்டருக்கு 0.8 கிலோ என்றால் 132 டன். புறப்படும்போது அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 280 டன்; நிரப்பினால் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதனால்தான் 161 இருக்கைகள் மட்டும்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதா எகானமி கிடையாது. முன்பக்கச் சரக்கறையும் பயன்பாட்டில் இல்லை.

இறங்கும் நேரம் கணக்கிடும்போது கவனம். நியூயார்க் கோடையில் 12 மணி நேரம் பின்தங்கி, குளிர்காலத்தில் 13. நள்ளிரவு 12-க்குக் கிளம்பி 18 மணி 30 நிமிடம் ஓடினால் சிங்கப்பூரில் மாலை 6.30, நியூயார்க்கில் அதே நாள் காலை 6.30 அல்லது 5.30. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரம் மாறும். அந்த வாரங்களில் இணைப்பு விமானம் போடுபவர்கள் ஒரு மணி நேரத்தைக் கோட்டை விடுவது சகஜம்.