சி-யில் ஒரு குட்டி லாகின் சர்வர்: பாஷ் வருகிறது, டெர்மினல் வரமாட்டேன் என்கிறது

கருப்புத்திரை:

வணக்கம். சாக்கெட் புரோகிராமிங் கைக்குப் படியட்டும் என்று டெல்நெட் (தொலைவிலிருந்து இன்னொரு கணினியில் கமாண்ட் அடிக்க உதவும் பழைய முறை) மாதிரி ஒரு சின்ன சர்வரை சி-யில் எழுதிக்கொண்டிருக்கிறேன், லினக்ஸில்தான், போர்ட் 2323. இணைப்பு ஆக்செப்ட் ஆனதும் ஃபோர்க் (புரோசஸை இரண்டாக்குவது), பிறந்த சைல்டில் அந்த சாக்கெட்டை டூப்2 போட்டு 0, 1, 2 (உள்ளீடு, வெளியீடு, பிழை) மூன்றிலும் மாட்டிவிட்டு பாஷ் ஷெல்லை எக்ஸெக் செய்கிறேன், அதாவது சைல்டின் இடத்தில் பாஷை ஓட்டுகிறேன். மொத்தம் அறுபது வரிகூட இல்லை. முதல் தடவையே ஓடியதும் இவ்வளவுதானா என்று இறுமாந்துவிட்டேன்.

நெட்கேட்டில் (போர்ட்டோடு நேரடியாகப் பேசும் சின்னக் கருவி) நுழைந்து எல்எஸ் அடித்தால் கோப்புப் பட்டியல் வருகிறது, ஆனால் கமாண்டுக்குக் காத்திருக்கிறேன் என்று காட்டும் பிராம்ப்ட் இல்லை. அதே சர்வருக்கு டெல்நெட் கிளையன்ட்டில் போனால் எல்எஸ்கூட ஓடவில்லை. கமாண்ட் நாட் ஃபவுண்ட் என்கிறது, அதுவும் எல்எஸ்-க்குப் பின்னால் ஒரு பின்சாய்கோடும் ஆர் எழுத்தும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பாஷுக்கு மைனஸ் ஐ (பயனரோடு பேசும் முறையில் ஓடு என்ற ஆப்ஷன்) கொடுத்துப் பார்த்தேன். பிராம்ப்ட் வந்தது, கூடவே "நோ ஜாப் கண்ட்ரோல் இன் திஸ் ஷெல்" (புரோகிராம்களை முன்னணி, பின்னணி என்று மாற்றும் வசதி இல்லை) என்று ஒரு புலம்பலும் வந்தது. விஐ எடிட்டரைத் திறந்தால் திரை கந்தல். கண்ட்ரோல்-சி அடித்தால் உள்ளே ஓடுகிற புரோகிராம் நிற்பதற்குப் பதிலாக என் பக்கத்து நெட்கேட்டே செத்துப்போகிறது.

எங்கே கோட்டை விட்டேன்?

பழைய_இழை:

கோட்டை விட்டது ஒரே இடத்தில்தான். சாக்கெட் வெறும் பைட் குழாய், டெர்மினல் அப்படியல்ல. டெர்மினல் என்றால் கெர்னலுக்குள் லைன் டிசிப்ளின் என்று ஒரு அடுக்கு உண்டு. அடித்ததைத் திரும்பக் காட்டுவது, பேக்ஸ்பேஸ் அடித்தால் முந்தைய எழுத்தை அழிப்பது எல்லாம் அதன் வேலை. கண்ட்ரோல்-சி என்பது 3 என்ற ஒரு பைட், அவ்வளவுதான். அதைப் பார்த்து முன்னணியில் ஓடும் புரோசஸ் குழுவுக்கு சிக்இன்ட் என்ற நிறுத்தும் சிக்னலை அனுப்புவதும் அந்த அடுக்குதான். உங்கள் சர்வர் பக்கம் அந்த அடுக்கே இல்லை. உங்கள் கணினியில் இருக்கிறது, அதனால்தான் சிக்னல் அங்கேயே பிறந்து நெட்கேட்டைக் கொன்றது.

வேண்டியது போலி டெர்மினல், சுருக்கமாகப் பிடிஒய். அதற்கு இரண்டு முனை. ஸ்லேவ் முனையை பாஷுக்குக் கொடுங்கள், நிஜ டெர்மினல் என்றே நம்பிவிடும். மாஸ்டர் முனை உங்கள் கையில் இருக்கட்டும். சாக்கெட்டில் வந்ததை மாஸ்டரில் எழுதுங்கள், மாஸ்டரில் வந்ததை சாக்கெட்டில் எழுதுங்கள். இரண்டையும் போல் (poll) என்ற அழைப்பு வைத்த ஒரு சுற்றில் கவனித்தால் போதும், த்ரெட் எதுவும் தேவையில்லை.

ஃபோர்க்பிடிஒய் என்ற ஃபங்ஷன் இதையெல்லாம் ஒரே அழைப்பில் செய்துவிடும் (க்ளிப்சி என்ற சி நூலகம் 2.34-க்கு முந்தையது என்றால் லிங்க் செய்யும்போது யூடில் நூலகத்தைச் சேர்க்க வேண்டும்). ஆனால் ஒரு தடவையாவது கையால் எழுதிப் பாருங்கள் என்பேன். மாஸ்டரைத் திற, கிராண்ட்பிடி, அன்லாக்பிடி (ஸ்லேவைத் திறக்க வழிவிடுவது), ஸ்லேவ் பெயரைக் கேள், ஃபோர்க், சைல்டில் செட்எஸ்ஐடி (புதிய செஷன் தொடங்குவது), அப்புறம் ஸ்லேவைத் திறந்து கண்ட்ரோலிங் டெர்மினலாக்கு, கடைசியில் டூப்2. செட்எஸ்ஐடியை மறந்தால் அதே ஜாப் கண்ட்ரோல் புலம்பல் திரும்ப வரும், ஏன் என்று அப்போது நன்றாகவே புரியும்.

இரண்டு இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். பாஷ் முடிந்ததும் மாஸ்டரில் ரீட் செய்தால் லினக்ஸில் 0 வராது, -1 வந்து பிழை எண் வைக்கும் எர்நோவில் ஈஐஓ (உள்ளீடு-வெளியீட்டுப் பிழை) இருக்கும். அது பிழை இல்லை, "முடிந்தது" என்று அர்த்தம். இன்னொன்று, லிசன் செய்யும் சாக்கெட்டை சைல்டில் மூடுங்கள். மூடாவிட்டால் சர்வரை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டும்போது அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ் என்று வரும், முகவரியை மறுபடி பயன்படுத்த விடும் ரீயூஸ்அட்ர் ஆப்ஷனும் கைகொடுக்காது, ஏனென்றால் எங்கோ ஒரு பாஷ் அந்த சாக்கெட்டை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். நான் ஒரு சாயங்காலம் முழுக்க அதைத் தேடியிருக்கிறேன்.

கருப்புத்திரை:

மிக்க நன்றி. கையாலேயே எழுதினேன், செட்எஸ்ஐடியை மறக்கவும் செய்தேன் :) இப்போது ஜாப் கண்ட்ரோல் ஓடுகிறது, பிராம்ப்ட் நிறத்தோடு வருகிறது. ஆனால் அடிக்கும் ஒவ்வொரு வரியும் இரண்டு தடவை தெரிகிறது. விஐ-க்குள் ஜே (அடுத்த வரிக்குப் போகும் விசை) அடித்தால் கர்சர் நகர்வதில்லை, என்டர் தட்டினால்தான் போகிறது. டெர்மினல் அமைப்பைக் காட்டவும் மாற்றவும் உதவும் எஸ்டிடிஒய் கமாண்டில் சைஸ் கேட்டால் 0 0 என்கிறது, ஜன்னலை எவ்வளவு பெரிதாக்கினாலும் விஐ 24 வரியோடு நின்றுவிடுகிறது.

ஐஏசி255:

இரண்டு தடவை தெரிவதற்குக் காரணம் இரண்டு லைன் டிசிப்ளின். உங்கள் கணினியில் இருப்பது ஒரு தடவை காட்டுகிறது, சர்வரில் பிறந்த புதியது ஒரு தடவை காட்டுகிறது. உள்ளூர்க்காரரை வாயை மூடச் சொல்ல வேண்டும். நெட்கேட்டில் சும்மா பார்க்க வேண்டுமென்றால், அதைத் தொடங்குவதற்கு முன் உங்கள் டெர்மினலில் எஸ்டிடிஒய் ரா மைனஸ் எக்கோ (அடித்ததை அப்படியே அனுப்பு, திரும்பக் காட்டாதே) போடுங்கள். வெளியே வந்ததும் எஸ்டிடிஒய் சேன் அடித்தால்தான் டெர்மினல் பழையபடி ஆகும், அதை அடிக்கும்போது எழுத்து கண்ணில் தெரியாது, பயப்படாதீர்கள்.

டெல்நெட் கிளையன்ட்டுக்கு முறையான வழி இருக்கிறது. 23 அல்லாத போர்ட் என்றால் அது தானாகப் பேச்சைத் தொடங்காது, நீங்கள்தான் தொடங்க வேண்டும். இணைப்பு வந்ததும் 255 251 1 என்ற மூன்று பைட்டை அனுப்புங்கள் (255 என்றால் அடுத்து வருவது டேட்டா இல்லை, கட்டளை), "எக்கோ என் பொறுப்பு" என்று பொருள். அடுத்து 255 251 3, "கோ-அஹெட் என்ற 'இனி நீ பேசு' குறியை அனுப்ப மாட்டேன்" என்று பொருள். இந்த இரண்டும் சேர்ந்தால் கிளையன்ட் வரி வரியாக அனுப்புவதை விட்டு எழுத்து எழுத்தாக அனுப்பத் தொடங்கும், விஐ பிரச்சினையும் தீரும். பொறுப்பு என்று வாக்குக் கொடுத்துவிட்டீர்களே தவிர அதற்கென்று ஒரு வரிகூட எழுத வேண்டாம், பிடிஒய் ஏற்கனவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. பாஸ்வேர்ட் கேட்கும் புரோகிராம் எக்கோவை அணைத்தால் அதுவும் தானாக நடக்கும். அடிப்படை விதிகள் ஆர்எஃப்சி 854-இல் இருக்கின்றன, 1983-இல் வந்தது, இன்றைக்கும் தெளிவாகப் படிக்கலாம்.

ஜன்னல் அளவுக்கு 255 253 31 அனுப்புங்கள், "உன் ஜன்னல் அளவைச் சொல்" என்று பொருள். ஒப்புக்கொள்ளும் கிளையன்ட், 120 பத்தி 40 வரி என்றால் 255 250 31 0 120 0 40 255 240 என்று பதில் தரும். அதை எடுத்து மாஸ்டரில் டிஐஓசிஎஸ்வின்எஸ்இசட் என்ற ஐஆக்டில் (ioctl) அழைப்பில் போட்டால் விஐ-க்கு சிக்வின்ச் (ஜன்னல் அளவு மாறியது என்ற சிக்னல்) அனுப்பும் வேலையைக் கெர்னல் பார்த்துக்கொள்ளும்.

இதில் ரொம்பப் பேர் செய்யும் தப்பு, ஒரு ரீட்டில் முழு வரிசையும் வந்துவிடும் என்று நம்புவது. டிசிபி அப்படி எந்த வாக்கும் கொடுக்கவில்லை. 255 ஒரு ரீட்டின் கடைசி பைட்டாகவும் 253 அடுத்த ரீட்டின் முதல் பைட்டாகவும் வரலாம். அதனால் பைட் பைட்டாக நகரும் ஸ்டேட் மெஷின் எழுதுங்கள், நிலையை ரீட்டுக்கு வெளியே வையுங்கள். 255 255 என்று வந்தால் அது டேட்டாவில் ஒரு 255. என்டர் தட்டினால் 13-க்குப் பின்னால் 0 அல்லது 10 வரும், பின்னால் வருவதை விழுங்கிவிடுங்கள். உங்கள் எல்எஸ்-இல் ஒட்டிய அந்த ஆர் இந்த 13-தான். நெட்கேட் வெறும் 10 அனுப்பியதால் அங்கே தப்பித்தீர்கள்.

வாசற்படி:

எல்லாம் சரி, இதில் லாகின் எங்கே இருக்கிறது? இப்போதைக்கு யார் அந்த போர்ட்டைத் தொட்டாலும் உங்கள் பயனராகவே பாஷ் கிடைக்கிறது. முதலில் பைண்டை 127.0.0.1-க்கு (இந்தக் கணினிக்குள் மட்டும்) மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

பாஸ்வேர்ட் சரிபார்ப்பை நீங்களே எழுத வேண்டாம். ரூட்டாக (எல்லா உரிமையும் உள்ள பயனர்) ஓடி பாஷுக்குப் பதில் லாகின் புரோகிராமை எக்ஸெக் செய்தால் போதும். ஆனால் வெளியிலிருந்து வந்த பயனர் பெயரை அப்படியே அதற்கு ஆர்க்யுமென்டாகக் கொடுக்காதீர்கள். 2007-இல் சோலாரிஸ் 10-இன் டெல்நெட் சர்வர் அப்படித்தான் மாட்டியது. பெயர் மைனஸ் எஃப் என்று தொடங்கியபோது, "இவரை ஏற்கனவே சரிபார்த்தாயிற்று" என்று பொருள்படும் ஆப்ஷனாக லாகின் அதை எடுத்துக்கொண்டு பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விட்டது. பெயரை லாகினே கேட்டுக்கொள்ளட்டும்.

பிடிவாதமாக நீங்களே பயனரை மாற்றுவதாக இருந்தால் வரிசை முக்கியம்: இனிட்குரூப்ஸ் (கூடுதல் குழுக்கள்), பிறகு செட்ஜிஐடி (குழு), கடைசியில் செட்யூஐடி (பயனர்). முதலிலேயே செட்யூஐடி போட்டால் குழுவை மாற்றும் உரிமை போய்விடும், பாஷ் ரூட்டின் குழுக்களோடு ஓடிக்கொண்டிருக்கும், ரிட்டர்ன் மதிப்பைப் பார்க்காவிட்டால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இவ்வளவு செய்தாலும் பாஸ்வேர்ட் வயரில் மறையாக்கம் இல்லாமல் பச்சையாகத்தான் போகும். வெளியே திறப்பதாக இருந்தால் எஸ்எஸ்எச் என்ற மறையாக்கப்பட்ட சுரங்கம் வழியாக மட்டும்.

கருப்புத்திரை:

127.0.0.1-க்கு மாற்றிவிட்டேன், ரூட் பக்கம் இப்போதைக்குப் போகவில்லை, என் பயனராகவே பாஷ்தான். விஐ முழு ஜன்னலிலும் திறக்கிறது, ஜன்னலை இழுத்தால் கூடவே நீள்கிறது, பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஒரே ஒரு விசித்திரம் மிச்சம். ஒய் எழுத்தை வரி வரியாக ஓயாமல் அச்சிடும் எஸ் (yes) புரோகிராமை, முதல் பத்து வரியை மட்டும் காட்டும் ஹெட்டுக்குப் பைப் செய்தால் பத்து வரி வந்த பிறகு "ப்ரோக்கன் பைப்" என்று எஸ் புகார் சொல்கிறது. சாதாரண டெர்மினலில் அப்படி வருவதே இல்லை.

பழைய_இழை:

கிளையன்ட் திடீரென்று போனால் சர்வர் சாகக்கூடாது என்று சிக்பைப்பை (மறுமுனை மூடிய குழாயில் எழுதினால் வரும் சிக்னல்) இக்னோர் செய்திருப்பீர்களே? இக்னோர் செய்த சிக்னல் ஃபோர்க்கையும் எக்ஸெக்கையும் தாண்டிப் பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் போகும். சைல்டில் எக்ஸெக்குக்கு முந்தைய வரியில் சிக்பைப்பை டீஃபால்ட்டுக்குத் திருப்பிவிடுங்கள்.

கருப்புத்திரை:

அதேதான். ஒரு வரி சேர்த்தேன், எஸ் வாயை மூடிவிட்டது.