மார்ட்கேஜ் என்ற சொல்லில் செத்தது எது?

நீர்மட்டம்:
அடமானத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான மார்ட்கேஜ் என்றால் பழைய பிரெஞ்சில் ‘சாகும்வரை கட்ட வேண்டிய கடன்’ என்று பொருள் கூறும் ஒரு படம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ‘மோர்’ என்பது செத்தது, ‘காஜ்’ என்பது ஈடு, அதுவரை சரி. ஆனால் இங்கே சாவது கடன் வாங்கியவர் அல்லர். 15ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய நீதிபதி தாமஸ் லிட்டில்டன், நீதிமன்றங்களில் அப்போது புழங்கிய சட்டப் பிரெஞ்சிலேயே இதை விளக்கியிருக்கிறார். குறித்த நாளில் பணம் கட்டத் தவறினால் நிலம் கடன் வாங்கியவருக்குச் செத்துப்போகிறது. கட்டிவிட்டாலோ, ஈடு கடன் கொடுத்தவருக்குச் செத்துப்போகிறது. 1628இல் எட்வர்ட் கோக் உரையுடன் வெளியிட்ட இந்த விளக்கத்தையே இன்றும் பலர் எடுத்தாள்கிறார்கள். இதற்கு மேல் ஆராய என்ன இருக்கிறது?

ஒற்றைப்பனை:
இருக்கிறது ஐயா. லிட்டில்டனின் விளக்கம் அழகானது. ஆனால் சொல் பிறந்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு சொல்லப்பட்டது. 1188ஐ ஒட்டி, கிளான்வில் பெயரால் வழங்கும் இலத்தீன் சட்ட நூல் செத்த ஈட்டுக்கு வேறு இலக்கணம் தருகிறது: ஈடாகப் பெற்ற நிலத்தின் விளைச்சலைக் கடன் கொடுத்தவர் அனுபவித்தும், அதனால் கடன் ஒரு காசுகூடக் குறையாவிட்டால், அதுவே செத்த ஈடு. நார்மண்டி வழக்கில் இதற்கு எதிராக ‘வீஃப் காஜ்’, அதாவது உயிருள்ள ஈடு, என்று ஒன்றும் இருந்தது. அதில் விளைச்சல் முதலைக் கழித்துக்கொண்டே வரும். நூறு வெள்ளி கடனுக்கு ஆண்டுக்குப் பத்து வெள்ளி விளையும் நிலத்தைக் கொடுத்தால், உயிருள்ள ஈட்டில் பத்தாம் ஆண்டு நிலம் திரும்பிவிடும். செத்த ஈட்டிலோ அப்போதும் நூறு வெள்ளி எண்ணி வைக்க வேண்டும். லிட்டில்டன் சொல்வதுதான் பொருள் என்றால், உயிருள்ள ஈட்டில் உயிரோடு இருப்பது எது?

நமக்கு இது புதிதும் அன்று. எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில், மடிப்புகளில் கிழிந்துபோன ஓர் ஒத்திப் பத்திரம் இருக்கிறது. ‘பணத்துக்கு வட்டியில்லை, நிலத்துக்குக் குத்தகையில்லை’ என்று அதில் எழுதியிருப்பதும் இதே ஏற்பாடுதான்.

நீர்மட்டம்:
அப்படியென்றால் ஒத்தியில் எதுவும் சாகவில்லையே. விளைச்சல் வட்டிக்குச் சரியாகிவிடுகிறதல்லவா?

ஒற்றைப்பனை:
அந்த வட்டிதான் அன்றைய சிக்கல். திருச்சபை வட்டியைப் பாவம் என்றது. கிளான்வில் நூலும் இதை நேர்மையற்றது என்று சொல்லி வட்டித்தொழிலோடு சேர்க்கிறது. ஆனால் அரசனின் நீதிமன்றம் தடுப்பதில்லை என்கிறது. முதலைக் கழிக்காத விளைச்சல், கடன் வாங்கியவரின் கணக்கில் செத்த விளைச்சல்தானே?

கூழாங்கல்:
இருவருமே பிரெஞ்சோடு நின்றுவிடுகிறீர்கள். ‘மோர்’ இலத்தீன் வழி வந்தது. ஆனால் ‘காஜ்’ பிராங்குகளின் ஜெர்மானியப் பேச்சிலிருந்து பிரெஞ்சுக்குள் புகுந்த சொல். அதன் முதலெழுத்து வகரம். பாரிஸ் பக்கத்துப் பேச்சில் அது ககரமானது, வடக்கே வகரமாகவே நின்றது. அந்த வடக்கு வடிவம்தான் ஆங்கிலத்தில் கூலியைக் குறிக்கும் ‘வேஜ்’. ஆங்கிலேயர் திருமணத்துக்குச் சொல்லும் ‘வெட்டிங்’ என்பதும் பிணை என்ற அதே வேரில் கிளைத்ததுதான். இத்தனைக்கும் இன்றைய பிரெஞ்சுக்காரர் வீட்டை அடகு வைக்கப் போனால், கிரேக்கத்திலிருந்து வந்த ‘இப்போதேக்’ என்ற சொல்லைத்தான் சொல்வார். ஆங்கிலச் சொல்லின் நடுவில் ஒலிக்காமல் கிடக்கும் டகரமும் இலத்தீன் மூலத்தை நினைவூட்டப் பின்னர் நுழைக்கப்பட்டது. பழைய ஏடுகளில் அது இல்லாமலே எழுதியிருக்கிறார்கள்.

நீர்மட்டம்:
காலவரிசை ஒற்றைப்பனையாரின் பக்கம் நிற்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், பிறந்தபோது இருந்த பொருளே இறுதிவரை ஆள வேண்டும் என்று சட்டமில்லை. விளைச்சலைக் கடன் கொடுத்தவர் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இங்கிலாந்தில் அருகி, தவணை நாளே எல்லாவற்றையும் தீர்மானிக்கத் தொடங்கிய பிறகு, லிட்டில்டன் தம் காலத்து நடைமுறைக்குப் பொருந்தும் பொருளைச் சொன்னார். அதைப் பிழை என்று தள்ள முடியாது. அது இருக்கட்டும், படத்தை அனுப்பிய சித்தப்பா இருபது ஆண்டுத் தவணையில் வீடு வாங்கியவர். கிளான்வில் கணக்கில் அவருடையது செத்த ஈடா, உயிருள்ள ஈடா?

ஒற்றைப்பனை:
இரண்டும் அன்று. வீட்டில் குடியிருப்பது சித்தப்பா; வாடகைக்கு விட்டாலும் பணம் அவர் கைக்குத்தான் வரும். ஈடு கடன் கொடுத்தவரின் அனுபவத்துக்குப் போனால்தான் அந்தப் பிரிவினைக்கே இடமுண்டு.