தாராவி வீட்டு உறவுகள்: சனிக்கிழமை தசமப் பாடம்

செம்பூர் மதினி: சனிக்கிழமை முதல் பீரியடு, ஐந்தாம் வகுப்பு, தசம எண்கள். ஹெச்.எம். சரின்னுட்டாங்க. நான் பாடம் எடுக்கும்போது கூட இருந்து பாக்க யார் யார் வர்றீங்க?

ராஜா: நான் வர்றேன் மதினி

சயான் அத்தை: அன்னைக்குச் சாயந்திரம் வளைகாப்பு. யாரும் மறந்துராதீங்க

முலுண்டு சித்தப்பா: பாடம் காலையிலதானக்கா

சயான் அத்தை: வளையல் யார் வாங்குறது? மாட்டுங்கா போகணும்

செல்வி அக்கா: மதினி, கேள்விகளை இன்னைக்கே முடிவு பண்ணிருவோம். 0.4 பெருசா 0.35 பெருசான்னு மட்டும் கேட்டாப் பத்தாது. 35 நாலைவிடப் பெருசுன்னு நினைக்கிற பிள்ளை 0.35ன்னு எழுதும், நமக்குத் தெரிஞ்சுரும். ஆனா புள்ளிக்குப் பின்னால இலக்கம் கூடினா எண் சிறுசுன்னு நினைக்கிற பிள்ளை 0.4ன்னு சரியா எழுதிட்டுப் போயிரும். அதனால 0.3, 0.35 ஜோடியையும் கேக்கணும். அங்க முதல் பிள்ளை சரியா எழுதும், ரெண்டாவது பிள்ளை மாட்டிக்கும். மூணாவது 0.5, 0.50. மூணு விடையையும் சேர்த்துப் பாத்தாதான் எது எப்படி யோசிக்குதுன்னு பிடிபடும்.

ராஜா: சூப்பர்க்கா

முலுண்டு சித்தப்பா: ரூபா பைசா வச்சுத் தொடங்கலாமே. சுலபம்

செல்வி அக்கா: வேண்டாம் சித்தப்பா. 2.5ஐ "ரெண்டு ரூபா அஞ்சு பைசா"ன்னு படிப்பாங்க. புள்ளிக்கு இந்தப் பக்கம் ஒரு முழு எண், அந்தப் பக்கம் இன்னொண்ணுன்னு பதிஞ்சுரும். பைசாவை இப்ப எந்தப் பிள்ளை பாத்திருக்கு? கட்டத்தாள் போதும். 10க்கு 10, நூறு கட்டம். 0.4க்கு நாலு வரிசை முழுசா. 0.35க்கு மூணு வரிசை, அப்புறம் அஞ்சு கட்டம்.

செம்பூர் மதினி: 42 பிள்ளைங்க. 42 ஜெராக்ஸா?

செல்வி அக்கா: 21 போதும். ஒரு தாள்ல ஒரே அளவுல ரெண்டு சதுரம். ரெண்டு பேரு பேசிக்கிட்டே கலர் அடிச்சா நம்ம காதுல விழும். ஆனா விடையைத் தனித்தனியா எழுதி முடிச்ச பிறகுதான் தாள் குடுக்கணும். முதல்லயே குடுத்தா யோசிக்காம கட்டத்தை எண்ணிருவாங்க. போர்டுல படிக்கும்போதும் "புள்ளி முப்பத்தஞ்சு" வேண்டாம், "புள்ளி மூணு அஞ்சு".

முலுண்டு சித்தப்பா: வளையல் நான் வாங்கிட்டு வர்றேன். எத்தனை டஜன்?

சயான் அத்தை: போன் பண்ணு. பச்சையும் சிவப்பும் மட்டும். பின்னால நாலு பேரு நோட்டோட உக்காந்தா அது இன்ஸ்பெக்‌ஷன்தான். பிள்ளைங்க வாயே திறக்காது

செல்வி அக்கா: பின்னால உக்காரக் கூடாதுத்தை. பக்கவாட்டுல நிக்கணும், ஆளுக்கு நாலு பிள்ளை. மதினியைப் பாக்கவே வேண்டாம். பிள்ளை என்ன எழுதுச்சு, எதை அடிச்சுது, பக்கத்துல என்ன சொல்லுச்சு, அப்ப மணி என்ன, இவ்வளவுதான். ரப்பர் வேண்டாம் மதினி, தப்புன்னா ஒரு கோடு அடிக்கச் சொல்லுங்க. அழிச்சுட்டா முதல்ல நினைச்சது போயிரும். யாரும் சொல்லிக் குடுக்கக் கூடாது. சித்தப்பா, உங்களைத்தான்

முலுண்டு சித்தப்பா: தப்பா எழுதுறதைப் பாத்துக்கிட்டுச் சும்மா நிக்கணுமா?

செல்வி அக்கா: ஆமா

செம்பூர் மதினி: பாடம் முடிஞ்சு பேசும்போது போன தடவை மாதிரி என் கையெழுத்து, என் குரல்னு ஆரம்பிச்சா நான் பேச உக்கார மாட்டேன்

முலுண்டு சித்தப்பா: நல்லதுக்குத்தானம்மா சொன்னேன்

சயான் அத்தை: இவன் சின்னதுலேருந்தே அப்படித்தான்

செல்வி அக்கா: முதல்ல மதினி பேசட்டும். அப்புறம் அவங்கவங்க பாத்த நாலு பிள்ளையைப் பத்தி மட்டும், குறிப்பைப் படிச்சு. எதை மாத்தலாம்கிறது கடைசியில. அதுவும் பாடத்தைத்தான், மதினியை இல்ல. பாடம் நாம சேர்ந்து எழுதினது. ஜப்பான்ல ஜுக்யோ கென்க்யூ, அதாவது பாட ஆய்வுன்னு ஆசிரியர்கள் இப்படித்தான் செய்யுறாங்க.

ராஜா: இது அந்த 50 மணி நேரத்துல சேருமா?

முலுண்டு சித்தப்பா: 2020 கல்விக் கொள்கையில ஆசிரியருக்கு வருஷத்துக்கு 50 மணி நேரப் பயிற்சின்னு இருக்கு. இது சேருமான்னு உன் ஹெச்.எம்.கிட்ட கேளு

செம்பூர் மதினி: பேசுறது ஞாயிறா?

ராஜா: ஞாயிறு ஹார்பர் ரயில் லைன்ல மெகா பிளாக் மதினி, பராமரிப்புக்காக ரயிலை நிறுத்திருவாங்க

செல்வி அக்கா: அன்னைக்கே பேசணும். ஒரு ராத்திரி தாண்டினா பிள்ளை சொன்னது மறந்து, நாம நினைச்சது மட்டும் மிஞ்சும். அத்தை வீட்டு மாடியில ஒரு மணி நேரம்?

சயான் அத்தை: மாடியில பந்தி. இடம் கிடையாது

ராஜா: திருத்தின பாடத்தை அடுத்த புதன் என் கிளாஸ்ல எடுக்கவா?

செல்வி அக்கா: பேசி முடிக்காம தேதி வேண்டாம்டா

செம்பூர் மதினி: ஸ்கூல் விட்டதும் அங்கேயே பேசலாமான்னு ஹெச்.எம்.கிட்ட கேக்குறேன்

செல்வி அக்கா: கேட்டுச் சொல்லுங்க. கட்டத்தாளை நான் வரைஞ்சு பிடிஎஃப்பா அனுப்புறேன்